முத்திரை உடையாத தேனீ

காலை ஆறு மணிக்குத் தங்கபுஷ்பம் இருநூற்றுப் பதினாறாவது பூசணிப் பூவைத் தூரிகையால் தொட்டுவிட்டு நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்னும் நூற்றெண்பத்து நான்கு பூக்கள் பாக்கி. புதுக்கொற்கையில் பதினைந்து வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் தினமும் நானூறு பூக்களுக்குத் தம் கையால் மகரந்தம் வைக்க வேண்டும். ஆண் பூவில் தூரிகையைப் புரட்ட வேண்டும், பெண் பூவில் தடவ வேண்டும், அடுத்த கொடிக்குப் போக வேண்டும். காய்ச்சல், கல்யாணம், இழவு எதற்கும் விடுப்பு கிடையாது. மணமக்கள் தாலி கட்டிய கையோடு தூரிகையைத் தூக்கிக்கொண்டு தோட்டக்கூடத்துக்கு ஓடுவதைப் பார்த்து அங்கே யாரும் சிரிப்பதில்லை.

ஊர் இருந்தது கலிஸ்டோவில். வியாழனைச் சுற்றும் நிலவுகளில் ஒன்று அது. கண்ணுக்கெட்டிய தூரம் பனிப்பாறைதான். தொண்ணூறு வருடங்களுக்கு முன்பு தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்திலும் துறைமுகத்திலும் வேலை பார்த்த நானூறு பேர் ஒரு கப்பலில் வந்து இறங்கி, பனியைக் குடைந்து வீடு கட்டி, மேலே ஒரு கண்ணாடிக் கூரையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். சுவாசிக்கும் காற்று தோட்டத்திலிருந்துதான் வந்தது. பூ காய்த்து விதை விழுந்தால்தான் அடுத்த போகம். போகம் தப்பினால் மூச்சு தப்பும். ஒரு மனிதன் தொடும் பூக்கள் அநேகமாக அவன் மூச்சுக்கே சரியாகப் போய்விடும். குழந்தைகளுக்கும் கிழவர்களுக்கும் சேர்த்து மற்றவர்கள்தான் தொட வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேருக்குக் காற்று தேறியது. அதற்கு மேல் ஒரு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தேறவில்லை.

ஆகவே ஒருவர் போனால்தான் ஒருவர் வரலாம். அந்த வருடம் ஆறு பேர் இறந்திருந்தார்கள். ஐந்து இடங்கள் காத்திருப்போர் பட்டியலில் மூப்புப்படி போயின. ஆறாவது இடம் வழக்கம்போல் சீட்டுப்போட்டிக்கு. குலுக்கிப் போட்டால் குலுக்கியவன் கைமேல் சந்தேகம் வருகிறது, குழு கூடி முடிவெடுத்தால் குழுவின் மச்சான்மார் மேல் சந்தேகம் வருகிறது என்று அலுத்துப்போய், இருபது வருடங்களுக்கு முன் ஊர்க்குழு செய்த ஏற்பாடு இது. பிள்ளை வேண்டுமா, சீட்டாடி ஜெயித்துக்கொள்.

தங்கபுஷ்பத்தின் கல்யாணமான மகள் செல்வஜோதி பட்டியலில் நாற்பத்தோராவது ஆள். வருகிற தையில் அவளுக்கு நாற்பது வயது பிறக்கிறது. பிறந்த அன்றே பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள். இந்தப் போட்டியை விட்டால் அவளுக்குப் பிள்ளை என்பதே இல்லை. செல்வஜோதி வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் போட்டிக்கு நான்கு மாதம் முன்பு பக்கத்து வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டு வந்தவள், ஈரக் கையைத் துடைக்காமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்ததைத் தாய் பார்த்துவிட்டாள். அன்றைக்கே போய்ப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். ஐம்பத்தொன்பது வயதில் அதுவரை அவள் சீட்டைத் தொட்டதுகூடக் கிடையாது.

விளையாட்டுக்கு உயிர்ச்சீட்டு என்று பெயர். உள்ளங்கை அகலத்தில் ஓர் உலோகத் தட்டு; உள்ளே ஏதாவது ஒரு சிற்றுயிர் உறைநிலையில் உறங்கும். ஓரத்து முத்திரையைக் கட்டைவிரலால் அழுத்தி உடைத்தால் தட்டு சூடேறும், மூடி விலகும், உயிர் விழிக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு சீட்டை மேசையில் வைத்து ஒரே நேரத்தில் உடைக்க வேண்டும். எந்த உயிர் முதலில் தட்டைவிட்டு வெளியே வருகிறதோ அதற்கே வெற்றி. மூன்று ஆட்டத்தில் இரண்டை எடுத்தவர் அடுத்த சுற்றுக்குப் போவார். ஊரின் நகலகம் மாதம் ஆளுக்கு மூன்று சீட்டு வார்த்துக் கொடுக்கும். எறும்பு, வண்டு, விட்டில், பல்லி என்று அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். எல்லாம் மலட்டு உயிர்கள். ஒரு மணி நேரம் ஊர்ந்துவிட்டு அடங்கிவிடும். அவற்றைச் சேர்ப்பதும், மாற்றிக்கொள்வதும், என் விட்டில் உன் விட்டிலைவிடச் சுறுசுறுப்பு என்று சண்டை போடுவதும் ஊரின் முழுநேரப் பொழுதுபோக்கு.

தங்கபுஷ்பம் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம் உணவுக்கூடத்தில் போய் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தாள். போட்டி நடக்கும் மேசைகள் சுவரோரம் இருந்தால் குளிர்ந்து கிடக்கும், நடுவில் இருந்தால் வெதுவெதுப்பாக இருக்கும் என்பதைக் கவனித்தாள். குளிர்ந்த மேசையில் பல்லி செத்ததுபோல் படுத்துவிடும்; விட்டில் மட்டும் குதித்துவிடும். வெதுவெதுப்பான மேசையில் எறும்பை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வண்டு எந்த மேசையிலும் மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நிதானமாகத்தான் எழுந்திருக்கும். அவள் தன்னிடம் சேர்ந்த வண்டுகளை எல்லாம் யார் தலையிலாவது கட்டிவிட்டு விட்டில்களாக மாற்றிக்கொண்டாள். வீட்டில் கணவர் ஞானதுரை கையில் கடிகாரத்தோடு எதிரே உட்கார்ந்து பயிற்சி கொடுத்தார்.

"ஏளா, இம்புட்டு மெனக்கெடணுமா?" என்று அவர் ஒருநாள் கேட்டார். "கடைசி ஆட்டம் வரைக்கும் போயிட்டாப் போதும். அங்கதான் நம்மகிட்ட தேனீ இருக்குல்லா."

"அது வரைக்கும் போகணும்லா," என்றாள் தங்கபுஷ்பம். "நடுவுலயே காட்டிட்டா அப்புறம் என்னத்தக் காட்ட?"

தேனீ என்று அவர் சொன்னது குளிர்ப்பெட்டியில் இருந்த மூலச்சீட்டை. முதல் கப்பலில் பூமியிலிருந்து வந்தவை நாற்பத்தேழே நாற்பத்தேழு சீட்டுகள். நாற்பத்தேழும் ஊரின் பழைய குடும்பங்களிடம் இருந்தன. வியாழனின் கதிர்வீச்சு தாக்காமல் இருக்க அவற்றுக்கு ஈயப்பூச்சு உண்டு, எந்தக் கருவியாலும் உள்ளே ஊடுருவிப் பார்க்க முடியாது. முகப்பில் பொறித்திருக்கும் சின்னப் படத்தை வைத்து இது தேனீ, இது பட்டாம்பூச்சி, இது மண்புழு என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான். நகலகத்தின் வித்துப் பேழையில் இந்த உயிர்களுக்கு வித்து இல்லை. உடைத்தால் போயிற்று, இன்னொன்று கிடையாது. அதனால் யாரும் உடைத்ததில்லை.

உடைக்காமல் எப்படி ஆடுவது? அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார்கள். மூலச்சீட்டு வைத்திருப்பவர் போட்டிக்கு ஒருமுறை அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டலாம். எதிரே இருப்பவர் மரியாதையாக எழுந்து, தலையைக் குனிந்து, தோல்வியை ஒப்புக்கொண்டு உட்கார வேண்டும். இதற்குக் 'காட்டு' என்று பெயர். காட்டுக்குக் காட்டு வந்தால் முகப்பில் வரிசை எண் குறைந்த சீட்டு ஜெயிக்கும். அந்த ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் குளிர்ப்பெட்டியைப் பார்ப்பார்கள். சீட்டுக்கு முதல் தலைமுறை ஓர் உறை போட்டது. அந்த உறை கசங்கிவிடக் கூடாதே என்று இரண்டாம் தலைமுறை அதற்கு மேல் ஓர் உறை போட்டது. மூன்றாம் தலைமுறைக்கு வந்த ஞானதுரை கல்யாணமான புதிதில் மூன்றாவது உறையைப் போட்டார். புதுக் கார் வாங்கி இருக்கையின் பிளாஸ்டிக் உறையைப் பத்து வருடம் பிரிக்காமல் ஓட்டிய வம்சம், வியாழனுக்கு வந்துவிட்டால் மட்டும் மாறிவிடுமா என்ன.

போட்டி ஞாயிற்றுக்கிழமை, செபம் முடிந்ததும் தொடங்கியது. முப்பத்திரண்டு பேர். தங்கபுஷ்பம் முதல் சுற்றில் சுவரோர மேசையைக் கேட்டு வாங்கி, மூக்கு சிவந்த ஒரு வாத்தியாரை இரண்டு விட்டிலில் வீட்டுக்கு அனுப்பினாள். இரண்டாம் சுற்றில் நடு மேசை, எறும்புகளை இறக்கினாள். ஆண்கள் தங்கள் பலத்தை எல்லாம் பல்லியில் வைத்திருந்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று. மூன்றாவது சுற்றிலும் நான்காவது சுற்றிலும் மூன்றாம் ஆட்டம் வரை இழுத்துவிட்டார்கள், ஆனாலும் தேனீயைத் தொடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தபோது மிஞ்சியவர்கள் இரண்டே பேர். உணவுக்கூடத்தில் நிற்க இடமில்லை.

எதிரே வந்து உட்கார்ந்தவன் அருள்வளன். பனி வெட்டும் தொழிலாளி, முப்பத்திரண்டு வயது, கல்யாணமாகி மூன்று வருடம். அவன் குடும்பம் பின்னால் வந்த கப்பலில் வந்தது, அதனால் மூலச்சீட்டு கிடையாது. முதல் ஆட்டத்தை அவன் எடுத்தான். இரண்டாவதைத் தங்கபுஷ்பத்தின் விட்டில் எடுத்தது. மூன்றாவதற்கு அவன் கையில் ஓர் எறும்பு மட்டுமே மிஞ்சியிருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். தங்கபுஷ்பம் மடியிலிருந்து தேனீச் சீட்டை எடுத்தாள். இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

அருள்வளன் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிப்பா," என்று பின்னாலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள், அவனுக்கு மறந்துவிட்டதோ என்று.

அவன் தலை குனிந்தபடியே சொன்னான்: "பெரியம்மா, கோவிச்சுக்கிடாதிய. அத உடைங்க."

தேவாலயத்தில் யாரோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல் ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நடுவராக உட்கார்ந்திருந்த குழுத்தலைவர் சவரிராயன் விதிப்புத்தகத்தை வேகவேகமாகப் புரட்டினார். அவர் வீட்டில் மூன்று மூலச்சீட்டுகள் உண்டு, ஊரிலேயே அதிகம். ஒன்பதாம் விதி கறுப்பு மையில் பளிச்சென்று இருந்தது. எதிராளி கேட்டால் எந்தச் சீட்டையும் உடைத்தாக வேண்டும், மறுத்தால் தோல்வி. இருபது வருடத்தில் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அருள்வளனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. அவள் உடைக்க மாட்டாள் என்று அவன் நூற்றுக்கு நூறு நம்பினான். உடைக்காவிட்டால் விதிப்படி அவனுக்கு வெற்றி, தேனீக்கும் சேதமில்லை, யாருக்கும் நஷ்டமில்லை. விடிய விடிய யோசித்து வைத்திருந்த கணக்கு.

ஞானதுரை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து மனைவியின் பின்னால் நின்றார். "ஏளா, வை கீழ. எங்க தாத்தா மடியில வச்சுக் கொண்டாந்தது. போவட்டும், தோத்தாத் தோத்துட்டுப் போறோம்."

"அங்க பாருங்க," என்றாள் தங்கபுஷ்பம்.

அவர் திரும்பிப் பார்த்தார். செல்வஜோதி வாசல் பக்கம் நின்றிருந்தாள். அவள் அம்மாவையும் பார்க்கவில்லை, சீட்டையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானதுரை ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

தங்கபுஷ்பம் ஒரு சின்னக் கத்தியை வாங்கி, மூன்று உறைகளையும் முத்திரை இருக்கும் ஓரத்தில் மட்டும் கீறினாள். மேசையில் வைத்தாள். அருள்வளன் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தான். "வேண்டாம் பெரியம்மா, நான் சும்மா..." என்று ஆரம்பித்தவனை அவள் ஏறிட்டுப் பார்த்தாள். "எறும்ப வைப்பா," என்றாள். இருவரும் கட்டைவிரலை அழுத்தினார்கள்.

இரண்டு தட்டுகளும் சூடேறின. தேனீத் தட்டின் மூடி முனகிக்கொண்டு விலகியது, கீறிய உறையின் வழியாக உள்ளே தெரிந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பூமியின் தேனீயை உயிரோடு பார்க்கப்போகிற முதல் ஆட்கள் அவர்கள். உள்ளே மெழுகுபோல் ஓர் அடை இருந்தது, நடுவில் நகக்கண் அளவு ஏதோ கறுப்பாக இருந்தது. எல்லாரும் அதன் சிறகு எப்போது அசையும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எறும்பு தன் தட்டிலிருந்து இறங்கி, மேசையைக் குறுக்கே கடந்து, தேனீத் தட்டின் மேல் ஏறி, அந்தக் கறுப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு காலைக் கடித்து இழுத்தது. கால் தனியாக வந்துவிட்டது. மீதி பொடியாக உதிர்ந்தது.

யாரோ ஒரு பெண் "அய்யோ" என்றாள். அது தங்கபுஷ்பத்துக்காகச் சொன்னது இல்லை. கூட்டத்தில் மற்ற நாற்பத்தாறு மூலச்சீட்டுகளின் சொந்தக்காரர்கள் நின்றிருந்தார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியை நினைத்துக்கொண்டார்கள். சவரிராயனுக்கு வியர்த்துக் கொட்டியது. அவர் சட்டென்று தட்டை உறையோடு அள்ளிக்கொண்டார்.

"சீட்டச் சோதிக்கணும்," என்றார் சத்தமாக. "போலியாக்கூட இருக்கலாம். புஷ்பம், நீயும் உன் வீட்டுக்காரரும் உள்ள வாங்க. மத்தவங்க இங்கயே இருங்க."

பண்டக அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அவர் உறைகளைக் கிழித்தார். போலி என்பதற்கு ஏதாவது ஓர் அடையாளம் கிடைக்காதா என்று கை பரபரத்தது. மூன்றாவது உறையும் வந்ததும் தட்டைத் திருப்பினார். முதல் உறை போட்ட நாளிலிருந்து யாரும் பார்க்காத பின்புறத்தில் எழுத்துகள் தெளிவாக இருந்தன. படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு தங்கபுஷ்பத்திடம் நீட்டினார்.

சரக்கு எண் பன்னிரண்டு, மொத்தம் நாற்பத்தேழு. ராணித்தேனீ ஒன்று, வேலைக்காரத் தேனீ முட்டை ஆயிரம். தோட்டத்தில் முதல் பூ பூத்ததும் திறந்துவிடவும். தானே பெருகும். இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிர் தாங்காது.

அதற்குக் கீழே பேனாவால் யாரோ கிறுக்கியிருந்தார்கள். ஞானதுரைக்குத் தாத்தாவின் கையெழுத்து தெரியும். 'கூரை வேலை முடியட்டும். நல்ல நாள் பார்த்துத் திறப்போம்.'

தங்கபுஷ்பம் அங்கே கிடந்த ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இது விளையாட்டுச் சாமானே இல்லை. பூக்களைத் தொடுவதற்காகப் பூமியிலிருந்து அனுப்பிய வேலையாட்கள் இவர்கள். நாற்பத்து நான்கு வருடமாக அவள் தூரிகையோடு செய்த வேலையை இந்தத் தட்டு செய்திருக்கும். தோட்டம் பத்து மடங்கு விரிந்திருக்கும். காற்றுக்குக் கட்டுப்பாடு இருந்திருக்காது, பட்டியல் இருந்திருக்காது, பிள்ளை பெறச் சீட்டாட வேண்டியிருந்திருக்காது.

"உங்க மூணும் என்னது அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"ரெண்டு தேனீ. ஒண்ணு மண்புழு," என்றார் சவரிராயன். அவரும் உட்கார இடம் தேடினார்.

வெளியே கூட்டத்தின் இரைச்சல் ஏறிக்கொண்டே வந்தது. சவரிராயன்தான் முதலில் தெளிந்தார். தலைவர் என்றால் சும்மாவா.

"இங்க பாரு தங்கச்சி. செத்தது செத்ததுதான். வெளிய சொன்னா ஒண்ணும் உயிரோட வரப்போறதில்ல. நம்ம சனங்களுக்கு இந்த நாப்பத்தேழு சீட்டு ஒண்ணுதான் பெருமை. அது செத்துப்போச்சு, அதுவும் நம்ம தாத்தமாரே கொன்னுட்டாவன்னு சொன்னா நாளைக்கு எவன் தூரிகையத் தூக்கிட்டுத் தோட்டத்துக்கு வருவான்? உன் சீட்டு போலின்னு ஒரு வரி எழுதிக் குடுத்திரு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

"எங்க தாத்தா போலி பண்ணுனாருன்னா?" என்றார் ஞானதுரை.

"எடம் அந்தப் பையனுக்குத்தான் போவும், எறும்பு ஜெயிச்சிட்டு," என்று சவரிராயன் அவரைக் கவனிக்காததுபோல் தொடர்ந்தார். "ஆனா செல்வஜோதிக்கு நான் ஒரு எடம் தாரேன்."

தங்கபுஷ்பம் நிமிர்ந்தாள். "எங்கேருந்து? ஆறு பேர்தான செத்தாவ."

"குழுத்தலைவர் கையில ஒரு எடம் எப்பவும் இருக்கும். காத்து அளவு ரெண்டாயிரத்து நூத்து நாப்பத்தொண்ணு. ஒண்ணக் கொறச்சுத்தான் ஊருக்குச் சொல்லுறது."

"எத்தன வருசமா?"

"அது இருக்கும், அம்பது அறுவது வருசம். எனக்கு முன்னால இருந்தவுகளும் தொட்டதில்ல." அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "ஏதாவது நல்ல காரியத்துக்கு ஆவும்னு வச்சிருக்கது."

தங்கபுஷ்பத்துக்கு அந்த மனிதரின் மண்டையில் தட்டால் ஒரு போடு போடலாம் என்று இருந்தது. அறுபது வருடமாக ஒரு குழந்தைக்கான மூச்சு இந்த ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. தன் மகள் ஈரக் கையோடு உட்கார்ந்திருந்த அன்றும் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. வெளியே போய் எல்லாருக்கும் கேட்கும்படி அந்தப் பின்புறத்தைப் படித்துக் காட்ட வேண்டும் என்று நாக்கு துடித்தது. கணவரைப் பார்த்தாள். அவர் தாத்தாவின் கையெழுத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"உங்க இஷ்டம்தான்," என்றாள் அவரிடம். "நீங்க வேண்டாம்னா நான் எழுதல."

ஞானதுரை தட்டைக் கீழே வைத்தார். "அவரு போயிச் சேந்துட்டாரு," என்றார். "பிள்ள இனிமே வர வேண்டியது. எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தாள். சவரிராயன் வெளியே போய், தங்கபுஷ்பத்தின் சீட்டு போலி, மற்ற நாற்பத்தாறும் அசல் என்று அறிவித்தார். இனி யாரும் யாரையும் உடைக்கச் சொல்லக் கூடாது என்று ஒன்பதாம் விதியையும் அங்கேயே அடித்தார். கூடம் கைதட்டியது. அப்படி ஒரு கைதட்டலை ஜெயித்தவர்களுக்குக்கூட அந்த ஊர் கொடுத்ததில்லை. அருள்வளன் தன் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதான். தெருவில் போகும்போது வழியெல்லாம் பெண்கள் தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். பாவம், இத்தனை வருடம் போலியை வைத்துக் கும்பிட்டிருக்கிறாளே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். அவர்களில் ஒருவராவது தன் சீட்டின் உறையைப் பிரித்துப் பின்பக்கம் பார்த்திருப்பாரா என்று கேட்டால், இல்லை. கெட்டியாக நான்காவது உறை வாங்கிப் போட்டவர்கள் உண்டு.

போலியால் ஏமாந்த வீட்டுக்கு ஆறுதல் என்று சொல்லிச் சவரிராயன் கணக்கில் ஓர் இடம் தேற்றிக் கொடுத்தார், ஊரும் ஒத்துக்கொண்டது. செல்வஜோதிக்குப் பெண் பிறந்தது. மெர்லின் என்று பெயர் வைத்தார்கள். ஆறாவது மாதம் வீட்டில் ஒரு சின்ன விருந்து. ஞானதுரையின் அக்கா பாக்கியமணி, பிள்ளை குட்டி இல்லாதவர், எழுபது வயது, தன் வீட்டு மூலச்சீட்டைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து குழந்தையின் மடியில் வைத்தார். அதுவும் தேனீதான், வரிசை எண் முப்பது.

"எனக்கு அப்புறம் யாருக்கு?" என்றார். "உங்க வீட்டுல ஒண்ணு இல்லாமப் போயிட்டுன்னு மனசு கேக்கல."

சுற்றி இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று அந்த அறையில் சரியாக இரண்டு பேருக்குத் தெரியும். ஞானதுரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கபுஷ்பம் சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நல்லாருப்பிய மதினி," என்று சொல்லிவிட்டுப் பாயசம் ஊற்றப் போனாள். இந்தச் சீட்டுச் சனியன்களை நினைத்தாலே அவளுக்கு எரிச்சலாக வந்தது. அன்று காலையிலும் நானூறு பூக்களைத் தொட்டுவிட்டு வந்திருந்தாள்.

குழந்தைக்குப் பல் முளைக்கும் பருவம். கைக்கு அகப்பட்டதை எல்லாம் வாயில் வைத்தது. பட்டுத்துணியை உதறிவிட்டுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்து, முத்திரை இருக்கும் ஓரத்தை ஈறால் கடித்தது. அதற்கு அது பிடித்திருந்தது. காலை உதைத்துக்கொண்டு சிரித்தது.

தங்கபுஷ்பத்தின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அவள் எப்படி அறையைக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. குழந்தையின் கையிலிருந்து தட்டை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"ஏளா, கடிச்சிராத, உள்ள உசுரு இருக்குல்லா," என்றாள்.

சொன்ன பிறகுதான் தன் குரல் அவள் காதில் விழுந்தது. எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஞானதுரை மட்டும் ஜன்னலிலிருந்து திரும்பி மனைவியைப் பார்த்தார். குழந்தை பயந்துபோய் வீறிட்டு அழுதது, முகம் சிவந்தது, மூச்சை இழுத்து இழுத்து அழுதது.

தங்கபுஷ்பம் முதலில் தட்டின் மேல் இருந்த எச்சிலை முந்தானையால் துடைத்தாள். முத்திரைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் பிறகு குழந்தையைத் தூக்கினாள்.

"ஏங்க, ஒரு உறை எடுங்க," என்றாள் கணவரிடம், அவர் முகத்தைப் பார்க்காமல். "கெட்டியானதா எடுங்க."